மூழ்காத ட்ரவுட் ஈ கட்டுவது எப்படி: கடுகளவு இடம்

ட்ரவுட் மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் நூலும் முடியும் இறகும் கட்டிச் செய்யும் பொய்ப் பூச்சிக்குத்தான் ஈ என்று பெயர். நான் முதலில் கட்டிய 12 ஈக்களும் ஒரு பழைய பெருங்காய டப்பாவில் இன்னும் இருக்கின்றன. நன்றாக மிதக்கும். பார்க்கவும் அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் ஒன்றில்கூடத் தூண்டில் நரம்பைக் கோக்க முடியாது. முள்ளின் காதுவரை நூலையும் முடியையும் சுற்றி, போதாதென்று நெயில் பாலிஷையும் ஊற்றி, காதை மொத்தமாக அடைத்துவிட்டிருந்தேன். ஜூலை மாதக் காலையொன்றில் முழங்கால் அளவு பனித்தண்ணீரில் நின்றுகொண்டு, ஊக்கு முனையால் ஒவ்வொரு காதாகக் குத்திக் குத்திப் பார்த்தேன். அரைமணி நேரம் போனது. கரையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுத் தாத்தா ஒன்றும் சொல்லாமல் ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அந்த 12 ஈக்களையும் அவரிடம் காட்டியிருந்தேன். "அழகு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நான் தோவாளைக்காரி. அம்மை 40 வருடம் பூக்கட்டியவள். அவள் எனக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: "கடைசிப் பூவுக்குப் பொறவு நாரு மிச்சம் இருக்கணும் மக்ளே. இல்லேன்னா எதை வச்சு முடிச்சுப் போடுவ?" அதைத் தெரிந்து வைத்திருந்தும், கொலராடோவில் ஒரு ஆற்றின் நடுவே நின்று திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. ஆகவே கீழே எத்தனை படிகள் வந்தாலும், ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். முள்ளின் காதுக்குப் பின்னால் கடுகளவு இடம் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். எல்லாப் படியும் அந்தக் கடுகைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

ஃபோர்ட் காலின்ஸில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் நான். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரை கேஷ் லா பூடர் என்று எழுதிவைத்திருப்பார்கள். எல்லோரும் வெறும் பூடர் என்றுதான் சொல்கிறோம். ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் பிறந்து, நெடுஞ்சாலை 14-ஐ ஒட்டி ஒரு நீண்ட பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வருகிறது. மேமாதக் கடைசியிலும் ஜூனிலும் பனி உருகி ஆறு சீறிக்கொண்டு வரும். அப்போது பக்கத்திலேயே போகக் கூடாது. ஜூலை நடுவில் தண்ணீர் இறங்கி, பாறைகள் தலைகாட்டும். பாறைகளுக்குப் பின்னால் பாய் அகலத்துக்குச் சின்னச் சின்ன அமைதியான இடங்கள் உண்டாகும். பிரவுன் ட்ரவுட்டும் ரெயின்போ ட்ரவுட்டும் அங்கேதான் நிற்கும். இந்த ஈ அந்த இடங்களுக்கானது.

தண்ணீருக்கு மேலே மிதக்கும் பொய் ஈக்கு ட்ரை ஃப்ளை என்று பெயர். அதில் இரண்டு வகை. குறிப்பிட்ட ஒரு பூச்சியைப் பார்த்து அதைப்போலவே செய்வது ஒன்று. எந்தப் பூச்சியின் சாயலும் இல்லாமல், ஆனால் தின்னத் தோன்றும்படி செய்வது இன்னொன்று. அதை அட்ராக்டர் என்கிறார்கள். ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மீனுக்கு யோசிக்க ஒரு நொடிதான் கிடைக்கும். விட்டால் சாப்பாடு போய்விடும். அந்த அவசரத்தில் அது கால்களை எண்ணிக்கொண்டிருக்காது. அதனால் அங்கே அச்சு அசலைவிட மிதப்பு முக்கியம், நம் கண்ணுக்கும் மீனின் கண்ணுக்கும் தெரிவது முக்கியம்.

நான் கட்டுவது ராயல் குடும்பத்து ஈ. உடம்பு மயில்பீலி, நடுவில் சிவப்புப் பட்டை. இந்தச் சிவப்புப் பட்டைக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் கோச்மேன் என்று ஒரு பழைய ஈ; உடம்பு முழுக்க மயில்பீலி. மயில்பீலி சீக்கிரம் பிய்ந்துவிடும். 1878-ல் நியூயார்க்கில் ஜான் ஹேலி என்பவர், பிய்யாமல் இருக்க நடுவில் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றிக் கட்டினார். அழகுக்கு வந்ததில்லை, உறுதிக்கு வந்தது அந்தச் சிவப்பு. அதற்குத்தான் பிறகு ராயல் கோச்மேன் என்று பெயர் வந்தது. 1930-ஐ ஒட்டி லீ வுல்ஃப் என்பவர் அதற்கு இறகுக்குப் பதில் முடி வைத்து, கொந்தளிக்கும் தண்ணீரிலும் மிதக்கிற ராயல் வுல்ஃபைக் கொண்டுவந்தார். ஆனால் அதில் இறக்கை இரண்டாகப் பிரிந்து நிமிர்ந்து நிற்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் அழுதுவிடுவார்கள். இறக்கையைப் பின்பக்கம் சாய்த்துவிடுவது ட்ரூட் பாணி. ஐடஹோவில் ட்ரூட் என்பவரின் பண்ணைக்கு விருந்தாளியாகப் போன கார்ட்டர் ஹாரிசன், விளையாட்டுக்காகக் கம்பளத்து நூலையும் ஒரு செம்பட்டை நாயின் முடியையும் வைத்துப் பெரிய முள்ளில் கட்ட, அதற்கும் மீன் விழுந்தது என்பது அந்தப் பாணி பிறந்த கதை. நான் ட்ரூட் பாணியில், கன்றுக்குட்டி வால்முடிக்குப் பதில் எல்க் மான்முடி வைக்கிறேன். வாலும் வைப்பதில்லை. வேலை பாதியாகக் குறையும், மிதப்பும் கூடும்.

என்னென்ன வேண்டும்

முள்: ட்ரை ஃப்ளைக்கான மெல்லிய கம்பி முள், 12-ஆம் எண். எண் கூடக்கூட முள் சிறியதாகும். கைபழகிய பிறகு 14, 16 என்று போகலாம். 18-இல் தொடங்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நூல்: சிவப்பு, 140 டெனியர் (நூலின் பருமனுக்கான அளவு). 70 டெனியர் இன்னும் நேர்த்தியாக உட்காரும். ஆனால் மான்முடியை இறுக்கும் நேரத்தில் பட்டென்று அறுந்து எல்லாம் சிதறும். முதல் 20 ஈக்கு 140 போதும். சிவப்பு நூலாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: நடுப்பட்டைக்கென்று தனியாகப் பட்டு நூல் வாங்க வேண்டாம், கட்டுகிற நூலே பட்டையாகிவிடும்.

மயில்பீலி: இறகின் கண்ணுக்குக் கீழே தண்டிலிருந்து நீளநீளமாகத் தொங்குகிறதே, அந்த இழைகள். ஒரு ஈக்கு மூன்று இழை. தூண்டில் கடைகளில் நூலில் கோத்துக் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து மயிலிறகு வெளியே போகத் தடை இருக்கிறது. "முருகன் வாகனத்தையா மீனுக்குப் போடுற?" என்று அம்மை ஒருமுறை கேட்டாள். பதில் இல்லை என்னிடம்.

எல்க் முடி: எல்க் என்பது நம்மூர் மிளாவுக்குப் பெரியண்ணன். செப்டம்பரில் எஸ்டஸ் பார்க் பக்கம் போனால் ஆண் எல்க் விசிலடிப்பதுபோல் கத்துவதைக் கேட்கலாம். அதன் உடல்முடிக்குள் காற்று நிரம்பிய நுண்ணறைகள் இருக்கின்றன. பனிக்காலத்தில் மானுக்குக் கதகதப்பு, நமக்கு மிதப்பு. இதே காரணத்தால்தான், நூலால் இறுக்கினால் அந்த முடி நசுங்கி விசிறிபோல விரிகிறது. பெண் எல்க்கின் உடல்முடி, வெளுப்பான நிறத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளங்கை அளவுத் தோல்துண்டு ஒரு வருடத்துக்கு வரும்.

ஹேக்கிள்: சேவலின் கழுத்திறகு அல்லது முதுகிறகு, பழுப்பு நிறம். ஈக்குக் கால்போலச் சுற்றிலும் விரிந்து நின்று அதைத் தண்ணீர்மேல் தாங்குவது இதுதான். இதற்கென்றே வளர்க்கும் சேவல்கள் உண்டு. எங்கள் மாநிலத்திலேயே டெல்டா என்ற ஊரில் வைட்டிங் பண்ணை அதற்குப் பேர்போனது. 2011-ல் இந்த இறகுகளைப் பெண்கள் கூந்தலில் ஒட்டிக்கொள்ளும் மோகம் வந்து விலை எகிறி, மீன்பிடிப்பவர்கள் சலூன்களைத் திட்டிக்கொண்டிருந்தார்களாம். நான் அப்போது மார்த்தாண்டத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன்.

கருவிகளில், முள்ளைப் பிடிக்கும் வைஸ், நூல்கண்டைத் தாங்கும் பாபின், நல்ல கத்தரி, இறகைப் பிடிக்கும் ஹேக்கிள் ப்ளையர்ஸ், முடி நுனிகளைச் சமன்செய்யும் ஸ்டேக்கர். அதோடு வீட்டிலிருந்து ஒரு பேன்சீப்பும் நிறமில்லாத நெயில் பாலிஷும். பேன்சீப்பை இதற்குப் பிறகு தலைக்குப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அடித்தளமும் உடம்பும்

முள்ளின் நுனியருகே பின்னோக்கிய சின்ன எதிர்முள் ஒன்று இருக்கும். கட்டத் தொடங்குமுன் அதைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை விடும்போது அதற்கும் நல்லது, காற்றடிக்கிற நாளில் உங்கள் காதுமடலுக்கும் நல்லது. முதலிலேயே செய்வது ஏனென்றால், நசுக்கும்போது சில முள் ஒடியும். கட்டி முடித்த ஈ ஒடிந்தால் மனசு விட்டுப்போகும்.

முள்ளை வளைவில் பிடித்து வைஸில் மாட்டுங்கள்; தண்டு படுக்கையாக இருக்கட்டும். காதிலிருந்து கடுகளவு தள்ளி நூலைத் தொடங்கி, ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றாக வளைவு தொடங்கும் இடம்வரை போங்கள். வெறும் தண்டில் எதைக் கட்டினாலும் வழுக்கும்.

மூன்று மயிலிழைகளை நுனி சேர்த்துப் பிடித்து, உடையக்கூடிய கடைசி ஒரு அங்குலத்தை வெட்டிவிட்டு, வளைவருகே கட்டுங்கள். தண்டின்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அது ஈரமாக இருக்கும்போதே மூன்றையும் சேர்த்து லேசாக முறுக்கி மூன்று சுற்று சுற்றுங்கள். பச்சைப் புழுபோலக் கொழுகொழுவென்று வரும். அங்கே நூலால் அழுத்துங்கள், ஆனால் இழைகளை வெட்ட வேண்டாம். அவற்றைத் தண்டோடு படுக்கவைத்து அதன்மேல் சிவப்பு நூலை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான அகலத்தில் வழவழவென்று சுற்றினால் பட்டை வந்துவிடும். மறுபடி இழைகளைத் தூக்கி, பட்டைக்கு முன்னால் மூன்று சுற்று. இப்போது கட்டி, வெட்டுங்கள்.

நிறுத்திப் பாருங்கள். உடம்பு தண்டின் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இருக்க வேண்டும். முக்கால்வரை வந்திருந்தால் பிரித்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். இங்கே சோம்பல்பட்டால் கடைசியில் கடுகு பறிபோகும். என் 12 ஈக்களும் கெட்டது இந்த இடத்தில்தான். தலைமாட்டில் வந்து தெரிந்ததே ஒழிய, தப்பு இடுப்பில் நடந்தது.

இறக்கை

கையெல்லாம் வியர்ப்பது இங்கேதான், ஆகவே மெதுவாக.

மான்தோலிலிருந்து ஒரு கொத்து முடியை நிமிர்த்திப் பிடித்து, தோலை ஒட்டி வெட்டுங்கள். எவ்வளவு? விரல்களுக்கிடையில் முறுக்கினால் ஒரு தீக்குச்சிப் பருமன். புதியவர்கள் எல்லோரும் இரண்டு குச்சி எடுப்பார்கள்; முடிதானே மிதக்க வைக்கிறது, கூடுதலாக இருந்தால் கூடுதலாக மிதக்கட்டுமே என்று. மிதக்கும், ஆனால் குப்புற மிதக்கும். மேல்பாரம் ஏற்றிய தோணி மாதிரிச் சாய்ந்துவிடும்.

கொத்தை நுனிப்பக்கம் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தைப் பேன்சீப்பால் வாருங்கள். பஞ்சுபோன்ற உள்முடியும் குட்டைமுடிகளும் உதிரும். அந்தப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். ஒரு இழைகூட மிச்சம் வைக்க வேண்டாம். பிறகு கொத்தை நுனி கீழே இருக்கும்படி ஸ்டேக்கரில் போட்டு மேசைமேல் பத்துத் தட்டுத் தட்டுங்கள். எடுத்தால் நுனிகள் ஒரே வரிசையில் நிற்கும்.

தண்டின்மேல் வைத்து அளவு பாருங்கள். நுனி, முள்ளின் வளைவைத் தாண்டி ஒரு நெல்லின் பாதியளவு நீட்டிக்கொண்டிருந்தால் சரி. இடதுகைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொத்தையும் தண்டையும் சேர்த்துக் கவ்வட்டும். இனி விரலைத் தளர்த்தக் கூடாது, வீட்டில் யார் கூப்பிட்டாலும். நூலை இரண்டு சுற்று, இறுக்காமல், சும்மா சாய்த்துப் போடுங்கள். மூன்றாவது சுற்றில் உங்களை நோக்கி மெல்ல இழுத்து, இழுவையைக் கூட்டிக்கொண்டே போங்கள். முடி விரிவது விரலுக்கடியில் தெரியும். அதே இடத்தில் இன்னும் நான்கு சுற்று, ஒவ்வொன்றும் இறுக்கமாக.

பூத்தொடுக்கும்போதும் இப்படித்தான். முதல் வளையம் பிச்சிக் காம்புக்கு வலிக்காமல் விழ வேண்டும், இரண்டாவது இழுவையில்தான் இறுக்கம். முதல் வளையத்திலேயே இழுத்தால் காம்பு நறுக்கென்று ஒடியும். மான்முடி ஒடியாது, அதற்குப் பதில் தண்டைச் சுற்றி உருண்டு கீழ்ப்பக்கம் போய்விடும். அப்படிப் போனால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பிரித்து, புதுக்கொத்து எடுங்கள்.

இப்போது காதுப்பக்கம் முடியின் அடிப்பகுதி துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை எல்லாம் சேர்த்துத் தூக்கி, கத்தரியைக் காதை நோக்கிச் சாய்த்து ஒரே வெட்டில் வெட்டுங்கள். கூரைபோலச் சரிவு கிடைக்கும். அந்தச் சரிவை நூலால் மூடி வழவழப்பாக்குங்கள். மேடுபள்ளமாக விட்டால் அடுத்து வரும் ஹேக்கிள் கண்ட திசையில் சாயும். கட்டின்மேல் ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்து, காது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

ஹேக்கிளும் முடிச்சும்

இறகைத் தண்டின்மேல் வளைத்துப் பார்த்து அளவெடுங்கள். இழைகளின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப்போல, அதாவது முள்நுனிக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப்போல, ஒன்றரை மடங்கு. அதைவிட நீளமானால் ஈ ஊன்றுகோலில் நடப்பதுபோல் தடுமாறும். அடியிலுள்ள பஞ்சு இழைகளை உருவிவிட்டு, வெறும் இறகுத்தண்டை இறக்கைக்கு முன்னால் கட்டுங்கள். பளபளப்பான பக்கம் காதை நோக்கி இருக்கட்டும். நுனியை ப்ளையர்ஸால் கவ்வி ஐந்து அல்லது ஆறு சுற்று, ஒன்றன்முன் ஒன்றாக. நூலால் அமுக்கி நுனியை வெட்டுங்கள்.

விப் ஃபினிஷ் முடிச்சுக்குத் தனிக் கருவி விற்கிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. விரலாலேயே போடுகிறேன்: நூலின் வாலை முள்ளுக்கு இணையாகப் படுக்கவைத்து, அதன்மேலேயே நூலை நான்கு சுற்றுச் சுற்றி, வாலை இழுத்து மறைப்பது. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றத் தெரிந்த கைக்கு ஐந்து நிமிடத்தில் வரும். இந்த நான்கு சுற்றுக்காகத்தான் இவ்வளவு நேரம் கடுகைக் காத்துவந்தோம். நெயில் பாலிஷைத் தூரிகையால் தொடாமல் குண்டூசி முனையில் எடுத்து முடிச்சின்மேல் வையுங்கள். காதுக்குள் போய்விட்டால், உருவிப்போட்ட இறகுத்தண்டு ஒன்றைக் காது வழியாக நுழைத்து இழுங்கள். காயும்முன் செய்ய வேண்டும்.

சோதனை எளிது. மேசைக்கு ஒரு முழம் மேலிருந்து பத்துமுறை கீழே போடுங்கள். ஏழெட்டு முறையாவது முள் கீழும் இறக்கை மேலுமாக உட்கார வேண்டும். பக்கவாட்டில் விழுந்துகொண்டே இருந்தால் முடி அதிகம், அல்லது இறக்கை ஒருபக்கம் உருண்டிருக்கிறது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் வந்து பாருங்கள். மயில்பீலி ஊறித்தான் போயிருக்கும். ஆனால் முடியும் ஹேக்கிளும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆற்றில்

நரம்பு: 12-ஆம் எண் ஈக்கு 4எக்ஸ் (எக்ஸ் என்பது நரம்பின் பருமனைச் சொல்லும் எண்). முள் எண்ணை மூன்றால் வகுத்தால் எக்ஸ் எண் வரும் என்பது தாத்தாவின் கணக்கு, இதுவரை பொய்த்ததில்லை. கட்டுமுன் சிலிகான் ஜெல்லை மிளகளவு எடுத்து, விரல்களில் உருகவிட்டு, முடியிலும் ஹேக்கிளிலும் மட்டும் தடவுங்கள். அப்பினால் முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாறைக்குப் பின்னாலுள்ள அமைதியான தண்ணீரில் ஈயைப் போட்டு, கோலை உயர்த்தி, இடையிலுள்ள வேக ஓட்டத்தில் தூண்டில் நூல் படாமல் தூக்கிப் பிடியுங்கள். நூலை ஓட்டம் இழுத்தால் ஈ படகுபோலக் கோடு கிழித்துக்கொண்டு போகும். எந்த மீனும் அதை நம்பாது. இரண்டு மூன்று நொடி தன்போக்கில் மிதந்தால் போதும். வரவேண்டியது அதற்குள் வந்துவிடும். வராவிட்டால் அடுத்த பாறை. ஒரு இடத்தில் நான்கு முறைக்குமேல் நான் போடுவதில்லை.

மிதப்பு நன்றாக இருந்தால் இன்னொரு வசதி. இதன் முள் வளைவிலிருந்து ஒன்றரை அடி நரம்பு கட்டி, அதில் தண்ணீருக்குள் போகும் சின்ன ஈ ஒன்றைத் தொங்கவிடலாம். மேலே உள்ளது சட்டென்று அமுங்கினால் கீழே கடித்திருக்கிறது.

ஒரு மீன் பிடித்த பிறகு ஈ வழவழப்பில் நனைந்து மூழ்கத் தொடங்கும். ஆற்றில் அலசி, சட்டை நுனியில் ஒற்றி, காற்றில் நாலு வீச்சு. அதுவும் போதாவிட்டால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொடி டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஆகஸ்ட் மதியத்தில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கோலை மடக்கிவிடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடி ஓய்ந்த ட்ரவுட்டை விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

ஈக்களை நெருக்கி அடைத்துவைத்தால் ஹேக்கிள் வளைந்துபோகும். அதற்குப் பயந்து தூக்கிப்போட வேண்டாம். இட்லி வெந்து தட்டை எடுத்த பிறகு பானையில் ஆவி வந்துகொண்டிருக்குமே, அதன்மேல் இடுக்கியால் பிடித்துப் பத்து நொடி காட்டுங்கள். இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துவிடும். விரலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். இட்லியை எடுத்த பிறகு செய்யுங்கள், முன்னால் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருநாள் மகன் தட்டில் மான்முடி வந்தது.